உங்களுக்குத் தெரியுமா? இளவயதில் ஆண் ஓமோன் குறைந்தால்…

◆ ஆண் ஓமோனை அளக்கும் இரத்தப் பரிசோதனைக்கு நேரகாலம் உண்டு. இளவயதில் டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்துக்கு ஏறும், வெயில் ஏற ஏற இறங்கும். சாப்பாடும் அதை இறக்கும். மட்டக்களப்பு வாவியில், மண்டூரில் பாதைப் படகு ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, பஸ் பிடித்து, பசி தாங்காமல் வழியில் நாலு இடியப்பமும் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு ஆய்வுகூடத்தில் கையை நீட்டுகிற தம்பிக்கு இலக்கம் குறைவாக வருவதில் ஆச்சரியமில்லை. காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுக்க வேண்டும். இரண்டிலும் குறைந்திருந்தால்தான் வைத்தியர்கள் அதைக் குறைவு என்று ஏற்பார்கள். முதல் தடவை குறைவாக வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு மறுதடவை சரியாக வந்துவிடும்.

◆ அறிக்கையில் ‘12’ என்று இருக்கிறது. போனில் தேடினால் 300-க்குக் கீழே போகக் கூடாது என்று கிடக்கிறது. அன்றிரவு நித்திரை போய்விடும். இந்தப் பயத்தைக் கிளப்புவது அலகு. சில ஆய்வுகூடங்கள் லீற்றருக்கு இத்தனை நனோமோல் என்று எழுதும், சில டெசிலீற்றருக்கு இத்தனை நனோகிராம் என்று எழுதும். முதலாவதை 28.8 ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். அப்படிப் பார்த்தால் 12 என்பது ஏறத்தாழ 346. 19 முதல் 39 வயது வரையான, உடற்பருமன் இல்லாத ஆண்களுக்கு அமெரிக்க ஓமோன் மருத்துவர் சங்கம் 2018-இல் ஏற்றுக்கொண்ட வரம்பு, இந்த இரண்டாவது அலகில், 264 முதல் 916 வரை.

◆ டெங்கு, நெருப்புக்காய்ச்சல், பெரிய விபத்து, சத்திரசிகிச்சை. உடம்பு இப்படி ஒன்றோடு மல்லுக்கட்டும் நாட்களில் டெஸ்டோஸ்டிரோன் தானாகவே விழும், பிறகு தானாகவே ஏறும். அந்த வாரத்தில் அளக்க வேண்டாம்.

◆ ஒரு பார்மசியில் நான் கண்டது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பொடியன். பனடோல் வாங்க வந்த பெண்கள் இருவர் போகும்வரை கண்ணாடிப் பெட்டியில் இருந்த பற்பசைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர்கள் படியிறங்கியதும் போனைத் திருப்பி மருந்தாளருக்குத் திரையில் ஒரு மருந்தின் பெயரைக் காட்டினான். வாயைத் திறக்கவே இல்லை. மருந்தாளர், “தம்பி, இதுக்கு டொக்டருடைய துண்டு வேணும்” என்றார், மெதுவாக, கனிவாக. பொடியன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் எந்த டொக்டரிடமும் போயிருக்க மாட்டான் என்றே அன்று எனக்குப் பட்டது. இந்தப் பத்தியை அவனை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

◆ ஒரு துளி விந்து பல துளி இரத்தத்துக்குச் சமம், அது போனால் பலம் போச்சு, நரம்பு தளர்ந்து போகும் என்ற நம்பிக்கை நமது தீவிலும் இந்தியாவிலும் ஆழ வேரோடியது. இந்த அச்சத்தால் வாடுவோரின் நிலைக்கு இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் ‘தாது நோய்க்குறி’ என்று பெயர் வைத்தார். இலங்கையில் டி சில்வா, திசாநாயக்க என்ற இரு ஆய்வாளர்கள் 1989-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வையே வெளியிட்டார்கள். சுயஇன்பத்தாலோ சொப்பனத்தில் விந்து வெளியேறுவதாலோ ஆண் ஓமோன் குறைவதில்லை. விந்தணு உடம்பில் ஓயாமல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. ஒரு விந்தணு முழுதாக உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் எடுக்கும்.

உண்மையான குறைவின் அடையாளங்கள் வேறு. ஆசை மாதக்கணக்கில் அற்றுப் போவது. காலையில் எழும்பும்போது வழமையாக வரும் விறைப்பு நின்றுபோவது. தாடி மீசை மெலிவது, மார்பு வீங்குவது, விதை சிறுப்பது. வெறும் களைப்பை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. மனச்சோர்விலும் அதே களைப்பு வரும், அதே ஆசைக்குறைவு வரும். யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகள் இங்கே எத்தனையோ பேர். அவர்களில் ஒருவன் “எனக்கு ஓமோன் குறைவு” என்று வந்தால் முதலில் அவனுடைய நித்திரையையும் மனதையும் பற்றிக் கேட்க வேண்டும். மனம் தாங்காதவர்கள் எந்த நேரமும் அழைக்கலாம்: 1926, தேசிய மனநல உதவி இலக்கம்.

◆ 1931-இல் ஜேர்மன் வேதியியலாளர் புடெனாண்ட் முதல் ஆண் ஓமோனைப் பிரித்தெடுத்தது பொலிஸ்காரர்களின் சிறுநீரிலிருந்து. ஏறத்தாழ 15,000 லீற்றரில் அவருக்குக் கிடைத்தது 15 மில்லிகிராம். நாலே வருடத்தில், 1935-இல், அவரும் ருசிச்கா என்ற இன்னொரு வேதியியலாளரும் தனித்தனியே டெஸ்டோஸ்டிரோனைக் கொலஸ்ட்ரோலில் இருந்து செய்து காட்டினார்கள். 1939-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

◆ படுவான்கரையில் வயல் செய்பவர்களுக்கு இந்த ஓமோனின் போக்கு சட்டென்று விளங்கும். மூளையில் பரிவகக்கீழ் என்ற சிறு பகுதி ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கபச் சுரப்பிக்குச் சைகை கொடுக்கும். கபச் சுரப்பி இரண்டு ஓமோன்களை விதைகளுக்கு அனுப்பும். ஒன்று டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்யும், மற்றது விந்தணு வளர உதவும். இரத்தத்தில் போதிய அளவு சேர்ந்ததும் மேலே இருந்து வரத்துக் குறையும். குளத்து மதகைத் திறப்பதும் பூட்டுவதும் வயலின் ஈரத்தைப் பார்த்துத்தானே.

இப்போது ஒருவன் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறான். பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து வயலில் ஊற்றியது போல. வயல் நிறைந்து கிடக்கிறது, தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை மதகைப் பூட்டிவிடுகிறார். வாய்க்கால் காய்கிறது. அந்த வாய்க்காலை நம்பித்தான் நாற்றுமேடை இருக்கிறது, விந்தணு அங்கேதான் வளர்கிறது. விதைக்குள்ளே இயல்பாக இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு. ஊசி இரத்தத்தை நிரப்பும், விதைக்குள் இருப்பதை வற்றச் செய்யும். அறிக்கையில் இலக்கம் அழகாக ஏறியிருக்கும். பிள்ளைக்கான வழி அடைபட்டிருக்கும்.

◆ மேலே சொன்னதை உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தது. 7 நாடுகளில் 271 ஆரோக்கியமான ஆண்கள், வாரம் ஒரு ஊசி, 200 மில்லிகிராம். 1990-இல் வந்த முடிவின்படி ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு விந்தணு ஒன்றுகூட இல்லாமல் போயிருந்தது. ஆசிய ஆண்களில் இது இன்னும் கூடுதல். நிறுத்திய பிறகு பெரும்பாலானோருக்குத் திரும்பி வரும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம். அதுவும் அளவாகப் போட்டவர்களின் கணக்கு. ஜிம்மில் இரண்டு மூன்று வகையைக் கலந்து வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு இன்னும் நாள் எடுக்கும்.

◆ காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கமிருந்து கட்டாருக்கும் சவூதிக்கும் போன பிள்ளைகள் இரண்டு மாத லீவில் வருவார்கள். அங்கே ஜிம்மில் ஊசி போட்ட ஒருவர் கட்டுநாயக்காவில் வந்திறங்கிய அன்றே அதை நிறுத்தினாலும் பிள்ளைக்கு அது போதாது. லீவு 60 நாள். ஒரு விந்தணு உருவாக 74 நாள்.

◆ மட்டக்களப்பில் கலியாணம் முடித்தவன் பெரும்பாலும் பெண் வீட்டோடுதான் குடியிருப்பான். மாமி சோறு போடுவா, மாமா வயல் பார்க்கக் கூப்பிடுவார், மச்சினன்மார் சுற்றி இருப்பார்கள். அன்பான ஏற்பாடு இது. நானும் அதில் வாழ்ந்தவன். ஆனால் ஆறு மாதம் கழிந்து “விசேஷம் ஏதும் உண்டா?” என்ற கேள்வி எழும்போது ஒளிந்துகொள்ள அங்கே ஓர் அறை கிடையாது. முதலில் பரிசோதனைக்கு அனுப்பப்படுபவள் மகள்தான். பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப்பேரில் ஆணிடமும் ஒரு காரணம் இருக்கிறது. ஆணுக்கான முதல் பரிசோதனை ஒரு விந்துப் பரிசோதனை. ஊசியில்லை, நோவில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் போனால் எவ்வளவோ கண்ணீர் மிச்சமாகும்.

◆ சஸ்டனோன் என்ற ஊசி மருந்தில் நாலு வகை டெஸ்டோஸ்டிரோன் இருக்கிறது, எல்லாம் சேர்த்து 250 மில்லிகிராம். அவை கரைந்திருப்பது கச்சான் எண்ணெயில். மாமாங்கத் திருவிழாவில் விற்கிற அதே கச்சான்தான். கச்சான் ஒவ்வாதவர்கள் இந்த ஊசியைத் தொடக் கூடாது. யாரோ ஒரு நண்பன் ஜிம்மின் பின்னறையில் குத்திவிடும்போது இதை யாரும் கேட்பதில்லை.

◆ டெஸ்டோஸ்டிரோன் ஊசி இரத்தத்தைத் தடிக்க வைக்கும். இரத்தத்தில் செங்கலங்களின் பங்கு 54 வீதத்தைத் தாண்டினால் வைத்தியர் நிறுத்திவிடுவார். அதனால்தான் சிகிச்சையில் இருப்பவர் சொன்ன தவணைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும்.

◆ விளையாட்டு வீரர்களுக்கு ஒரு சொல். டெஸ்டோஸ்டிரோன் போட்டிகளில் தடைசெய்யப்பட்டது. இலங்கையில் 2013-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டமே இதற்கென்று இருக்கிறது. உண்மையான நோய்க்காக எடுப்பவர் முன்கூட்டியே விதிவிலக்கு அனுமதி பெற வேண்டும்.

◆ சுவிற்சர்லாந்தில் அந்திரேயா பிராடர் என்ற குழந்தை வைத்தியர் 1966-இல் ஒரு மணிமாலை செய்தார். ஒரு கயிறு, பன்னிரண்டு மணிகள். முதலாவது 1 மில்லிலீற்றர், ஒரு கச்சான் பருப்பைப் போல. கடைசி மணி 25 மில்லிலீற்றர், புறா முட்டையை விடப் பெரிது. ஒவ்வொன்றிலும் இலக்கம் இருக்கும். வைத்தியர் ஒரு கையால் பையனின் விதையைத் தொட்டுப் பார்ப்பார், மறு கையில் மாலையை விரலால் நகர்த்திச் சமமான மணியைத் தேடுவார். அரை நிமிட வேலை. நாலாவது மணி வந்துவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் 15-க்கு மேலே.

பதினாலு வயது முடிந்தும் நாலாவது மணி வரவில்லை என்றால் காட்ட வேண்டும். பயப்பட வேண்டாம்: இப்படி வரும் பையன்களில் அனேகருக்கு நோயே இல்லை. அப்பாவோ மாமாவோ பிந்தி வளர்ந்தவராக இருப்பார், பையனும் பிந்தி வளர்வான். வகுப்பில் எல்லோரும் உயர, தான் மட்டும் சின்னவனாக நின்று நொந்துபோகிற பிள்ளைக்குச் சில மாதங்கள் மட்டும் குறைந்த அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு, வளர்ச்சியைத் தொடக்கிவிட்டு நிறுத்துவார்கள்.

◆ மாலையின் நாலாவது மணியைத் தாண்டாத வளர்ந்த ஆண்களும் உண்டு. 1942-இல் ஹரி கிளைன்ஃபெல்டர் விவரித்த நிலை அது. ஆணுக்கு எக்ஸ், வை என்று இருக்க வேண்டிய நிறமூர்த்தங்களில் ஓர் எக்ஸ் கூடுதலாக இருக்கும். ஏறத்தாழ 600 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி. 2012 குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து இலட்சத்துக்கு மேல் மக்கள்; அரைவாசி ஆண்கள் என்று வைத்தால், கணக்குப்படி நானூறு பேர் நம்மிடையே நடமாட வேண்டும். டென்மார்க்கில் எண்ணிப் பார்த்தபோது நாலில் ஒருவருக்குத்தான் தனக்கு இது இருப்பது தெரிந்திருந்தது. நம்மூரில் எத்தனை பேர் வெறுமனே “பிள்ளை இல்லாதவர்” என்ற பெயரோடு முடிந்து போயிருப்பார்கள்!

அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் தேவை. எலும்பு தேயாமல் காக்கவும், உடம்பு உரம் பெறவும் அது வேண்டும். ஆனால் ஊசி தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: பிள்ளை வேண்டுமா? நுண்ணோக்கியின் கீழ் விதைக்குள் தேடினால் பாதிக்குச் சற்றுக் குறைவானோரிடம் விந்தணு கிடைக்கிறது. ஊசிக்குப் பிறகு தேடுவதை விட முதலில் தேடுவது நல்லது.

◆ “தம்பி, வீட்டில் கருவாடு பொரித்தால் உங்களுக்கு வாசம் தெரியுமா?” ஓமோன் குறைந்த இளைஞனிடம் வைத்தியர் இப்படிக் கேட்டால் வியக்க வேண்டாம். கருவில் மூக்கு உருவாகும் இடத்திலிருந்துதான் ஓமோன் சைகை அனுப்பும் நரம்புக் கலங்கள் மூளைக்குள் நடந்து போகின்றன. வழியில் நின்றுவிட்டால் மணமும் தெரியாது, பருவமும் வராது. 1944-இல் இதை விவரித்த கால்மன் பெயராலேயே நோய் அறியப்படுகிறது. இதில் ஓர் ஆறுதல் உண்டு. விதை நன்றாகவே இருக்கிறது, கட்டளைதான் வரவில்லை. கபச் சுரப்பியின் வேலையைச் செய்யும் ஊசிகளைப் போட்டால் டெஸ்டோஸ்டிரோனும் வரும், பலருக்கு விந்தணுவும் வரும். அந்த ஊசிகளில் ஒன்று கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரில் இருந்து எடுக்கப்படுவது. 1930-களில் இருந்து வழக்கத்தில் இருக்கிறது.

◆ கூகைக்கட்டு பருவம் வந்த பிறகு வந்தால், நூறில் 15 முதல் 30 ஆண்களுக்கு விதையும் வீங்கும். சிலருக்கு அது சுருங்கிப் போகும். இலங்கையில் இதற்கான தடுப்பூசி 2011-இல் தேசிய அட்டவணைக்குள் வந்தது. உங்கள் பிள்ளையின் அட்டையைப் பாருங்கள்.

◆ திடீரென்று ஒரு பக்க விதையில் தாங்க முடியாத நோவு, கூடவே வாந்தி. விதை தன் தண்டோடு முறுகிக்கொண்டிருக்கலாம். ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம், 24 மணித்தியாலம் கடந்தால் அரிது. 12 முதல் 18 வயதில்தான் இது அதிகம். வெட்கத்தில் அம்மாவிடம் “வயித்துக்குத்து” என்று சொல்லிக்கொண்டு விடியும்வரை படுத்திருக்கும் பிள்ளைகள்தான் விதையை இழக்கிறார்கள். ஆண்பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

◆ தலசீமியாவுக்காக மாதாமாதம் இரத்தம் ஏற்றும் பிள்ளைகளுக்கு, கூடுதலான இரும்பு கபச் சுரப்பியில் படிந்து பருவத்தையே தடுக்கலாம். இரும்பை வெளியேற்றும் மருந்தை ஒருநாளும் விடாமல் எடுப்பது அவர்களின் ஆண்மைக்கும் காவல்.

◆ மார்பில் பால் கசிகிறதா, தலையிடியா, பக்கவாட்டுப் பார்வை மங்குகிறதா? புரோலக்டின் என்ற ஓமோனைச் சுரக்கும் சின்னக் கட்டியாக இருக்கலாம். பெரும்பாலும் குளிசையிலேயே சுருங்கிவிடும், டெஸ்டோஸ்டிரோனும் தானாகத் திரும்பும். ஓங்காளத்துக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன், சில மனநோய் மருந்துகள் கூடப் புரோலக்டினை ஏற்றும். என்ன குளிசை எடுக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது.

◆ வயிற்றுக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஓமோனாக மாற்றும். அந்தக் கொழுப்போடு அடிக்கடி சேர்ந்து வருவது இரண்டாம் வகை நீரிழிவு; அது உள்ள ஆண்களை 2004-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் சோதித்தபோது மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது. எடை இறங்கினால் இலக்கம் ஏறும். மருந்தில்லாத சிகிச்சை இது, பிள்ளைப்பேற்றையும் கெடுக்காது.

◆ சிக்காகோவில் 2011-இல் பத்து ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணித்தியாலம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 வீதம் இறங்கியது.

◆ கசிப்பு ஈரலை மட்டும் கெடுப்பதில்லை, விதையையும் கெடுக்கும். ஹெரோயினும், பொடியன்மார் கைக்குக் கை மாற்றும் டிரமடோல் குளிசையும் மூளையின் சைகையையே அடக்கிவிடும்.

◆ இறாலும் நண்டும் தின்றால் ஆண்மை கூடும் என்று நம் வாவிக்கரையில் சொல்வார்கள். அதில் எவ்வளவு உண்மை என்று அறிய ஈரானுக்குப் போக வேண்டும்.

பீகாரின் பக்சரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற வைத்தியர் 1958-இல் ஷிராஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்தார். அவரிடம் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். வயது 21. பார்வைக்குப் பத்து வயதுப் பையன். தாடி இல்லை, மீசை இல்லை, பருவம் வந்த சுவடே இல்லை. ஈரலும் மண்ணீரலும் வீங்கி, இரத்தம் வற்றிப் போயிருந்தது. அந்தக் கிராமங்களில் இப்படிப் பல இளைஞர்கள் இருந்தார்கள். சாப்பாடு தவிடு நீக்காத ரொட்டி மட்டும், போதாததற்குக் களிமண்ணையும் தின்றார்கள். துத்தநாகம் உடம்பில் சேராததுதான் காரணம் என்று பிரசாத் சந்தேகித்தார். தானியத் தவிட்டில் இருக்கும் பைற்றேற்று அதை உறிஞ்சவிடாமல் கட்டிப்போடும். பிறகு எகிப்துக்குப் போய் அங்கே இதேபோன்ற இளைஞர்களுக்குத் துத்தநாகம் கொடுத்துப் பார்த்தார். சில மாதங்களில் பருவம் வந்தது. ஒரே வருடத்தில் ஐந்து அங்குலத்துக்கு மேல் வளர்ந்தார்கள். துத்தநாகம் மனிதனுக்குத் தேவை என்பதையே அக்காலத்தில் பலர் ஏற்கவில்லை. 1974-இல்தான் அமெரிக்க அறிவியல் கழகம் அதை ஏற்றது.

நண்டிலும் சிப்பியிலும் துத்தநாகம் நிறைய உண்டு. உடம்பில் அது குறைந்தவனுக்கு நண்டு மருந்துதான். குறையாதவனுக்கு அது நல்ல சாப்பாடு, டெஸ்டோஸ்டிரோனை மேலும் ஏற்றாது. நண்டுக் குழம்பை ருசிக்காகவே சாப்பிடுவோம்.

◆ பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 இளைஞர்களின் டெஸ்டோஸ்டிரோனை 2005-இலும் மீண்டும் 2009-இலும் அளந்தார்கள். இடையில் கலியாணம் முடித்து அப்பாவானவர்களுக்கு அது நன்றாக இறங்கியிருந்தது. பச்சைக் குழந்தை கையில் இருந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக இறங்கியிருந்தது. நாளுக்கு மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்ட அப்பாமாருக்கு, குழந்தையைத் தொடாதவர்களை விடக் குறைவு. எவருக்கும் நோயில்லை. நடுச்சாமம் இரண்டு மணிக்கு, மனைவியும் மாமியும் அயர்ந்து தூங்க, ஏணையை ஆட்டிக்கொண்டிருக்கும் மருமகனுக்கு மறுநாள் இரத்தம் எடுத்தால் இலக்கம் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். அவருக்குத் தேவை இரண்டு மணித்தியாலத் தூக்கம்.